தாலி கட்டும் நேரத்தில் நிரம்பிய கார்டு

திருவண்ணாமலைக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைப்பவன் நான். தொழில் கற்றுக்கொண்டது பிலிம் காலத்தின் கடைசி ஆண்டுகளில், ஒரு சிறிய ஸ்டூடியோவில். ஒரு ரோலில் 36 படங்கள். கவனமாகச் செருகினால் 37, அதிர்ஷ்டம் இருந்தால் 38. ஒரு கல்யாணத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ரோல்களுக்கு மேல் முதலாளி தரமாட்டார். ஒவ்வொரு படத்துக்கும் கணக்குக் கேட்கும் அந்த மனிதர் ஓர் இடத்தில் மட்டும் தாராளமாக இருந்தார். பெண் கூறைப்புடவை கட்டிக்கொள்ள அறைக்குள் போனதும், கேமராவில் இருக்கும் ரோலில் எத்தனை படம் மிச்சமிருந்தாலும் அதைச் சுற்றி வெளியே எடுத்துவிட்டுப் புதிய ரோலைப் போட்டுவிட வேண்டும். “தாலி கட்டுறப்ப ரோல் தீர்ந்துபோச்சுன்னா, இன்னொரு தடவ கட்டச் சொல்லுவியாடா? பத்து படம் போனா போகட்டும், மாத்து” என்பார்.

டிஜிட்டலுக்கு வந்தபின் அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போனது. ஒரு மெமரி கார்டில் ஆயிரம் படம் கொள்ளும்போது மாற்றுவதைப் பற்றி யார் நினைக்கப் போகிறார்கள்?

2008 இல் நான் வாங்கிய முதல் டிஜிட்டல் கேமரா நிக்கான் டி40. 6.1 மெகாபிக்சல். நல்ல தரத்தில் ஒரு ஜேபெக் படம், அதாவது சுருக்கிச் சேமித்த படம், ஏறத்தாழ 3 எம்பி வரும். 1 ஜிபி கார்டில் முந்நூறு படங்களுக்கு மேல் கொள்ளும். எட்டு ரோல்களுக்குரிய படங்கள் நகத்தளவு பிளாஸ்டிக் துண்டுக்குள் அடங்கிவிட்டதே என்று வியந்தோம். சில மாதங்களில் 4 ஜிபி கார்டு ஒன்றை வாங்கினேன். கேமரா அதை ஏற்றுக்கொண்டது. படங்களை அச்சிடக் கொண்டுபோன லேபில் இருந்த பழைய கார்டு ரீடர் ஏற்கவில்லை. கார்டைச் செருகினால் எதுவும் செருகப்படாததுபோலவே கணினி நின்றது. கார்டு கெட்டுவிட்டது என்றே லேபில் இருந்தவர் சொன்னார். வீட்டுக்கு ஓடிப் போய்க் கேமராவையும் அதன் கேபிளையும் கொண்டுவந்து இணைத்தபிறகுதான் படங்கள் எல்லாம் தெரிந்தன.

கார்டின் கொள்ளளவு என்பது வெறும் இடத்தின் அளவு மட்டுமல்ல என்பதை அன்றுதான் முதலில் அறிந்தேன். சில எல்லைகளைத் தாண்டும்போது கார்டின் இனமே மாறிவிடுகிறது. பழைய எஸ்டி கார்டுகள் 2 ஜிபியோடு நின்றன. 2006 இல் வந்த எஸ்டிஎச்சி 32 ஜிபி வரை போனது. 2009 இல் அறிவிக்கப்பட்ட எஸ்டிஎக்ஸ்சி அதற்கு மேல் 2 டிபி, அதாவது சுமார் இரண்டாயிரம் ஜிபி வரை போகக்கூடியது. மூன்றும் உருவத்தில் ஒன்றுபோலவே இருக்கும். புதியவற்றைப் படிக்கும் கருவி பழையவற்றையும் படிக்கும். பழைய கருவியோ புதியவற்றைப் படிக்காமல் போகலாம். எஸ்டிஎக்ஸ்சி கார்டுகளில் கோப்புகளை அடுக்கும் முறையும் வேறு; அதற்கு எக்ஸ்ஃபேட் என்று பெயர். விண்டோஸ் எக்ஸ்பியில் அந்த முறையைப் புரிந்துகொள்ளத் தனியே ஒரு மேம்பாட்டை நிறுவ வேண்டியிருந்தது. என் முதல் 64 ஜிபி கார்டை எக்ஸ்பி ஓடிய ஒரு கணினியில் செருகியபோது, ‘இந்தக் கார்டு ஃபார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யவா?’ என்று அது கேட்டது. உள்ளே முந்தைய நாள் எடுத்த நிச்சயதார்த்தம் முழுவதும் இருந்தது. என்னுடன் வந்திருந்த தம்பி நல்ல எண்ணத்தோடு ‘ஆம்’ என்பதை நோக்கி மவுஸை நகர்த்த, அவன் கையை அப்படியே பிடித்து நிறுத்தினேன். பெரிய கார்டு வாங்கும் முன் கேமராவை மட்டுமல்ல, அந்தக் கார்டு போகப்போகும் ஒவ்வொரு கணினியையும் ரீடரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இன்றைய கணினிகளில் இந்தச் சிக்கல் அநேகமாக இல்லை. ஆனால் சிற்றூர் லேபுகளில் பழைய கணினிகள் எளிதில் சாவதில்லை.

இனி அந்தக் கல்யாணத்துக்கு வருகிறேன். 2015, தை மாதம். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் நிக்கான் டி750 வாங்கியிருந்தேன். 24 மெகாபிக்சல், இரண்டு கார்டு ஸ்லாட்டுகள். ஒவ்வொரு படமும் இரு கார்டுகளிலும் ஒருசேரப் பதியுமாறு அமைத்துக்கொள்ளலாம் என்பதே அதை வாங்கக் காரணம். முதல் ஸ்லாட்டில் புதிய 64 ஜிபி கார்டு. இரண்டாவதில் கையில் இருந்த 32 ஜிபி கார்டு. மாலை வரவேற்பில் எழுநூற்றுச் சொச்சம் படங்கள் எடுத்தேன். இரவு சாப்பிட்டுவிட்டு மண்டபத்திலேயே படுத்தபோது மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ரா கோப்பு, அதாவது கேமரா சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் படக்கோப்பு, 28 எம்பி என்றால் 64 ஜிபியில் இரண்டாயிரத்து இருநூறு படங்களுக்கு மேல் கொள்ளும். எழுநூறு போனால் ஆயிரத்து ஐந்நூறு மிச்சம். காலை முகூர்த்தத்துக்குத் தாராளம். நிம்மதியாகத் தூங்கினேன்.

நான் கணக்கை 64-க்குப் போட்டேன். கேமரா அதை 32-க்குப் போட்டது. இரு கார்டுகளிலும் ஒருசேரப் பதியச் சொன்னால் இரண்டில் சிறியது நிரம்பியதும் ஷட்டர் நின்றுவிடும். கையேட்டில் அது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. மேலே உள்ள சிறிய திரையில் தெரியும் எண்ணும் சிறிய கார்டுக்குரியதுதான். அந்த எண்ணை நான் பார்க்கவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு வீடியோக்காரரின் விளக்கு வெளிச்சத்தில், அடுத்து யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பதற்கே கண் போதவில்லை.

கெட்டிமேளம் கொட்டியது. அட்சதை பறந்தது. மாப்பிள்ளையின் விரல்கள் பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் மஞ்சள் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தன. நான் தொடர் படப்பிடிப்பில் விரலை அழுத்தியிருந்தேன். நான்கைந்து படங்கள் விழுந்தன. பிறகு ஒலி நின்றது. விரலை எடுத்து மறுபடி அழுத்தினேன். வ்யூஃபைண்டரின் கீழே பூஜ்ஜியம் மினுங்கிக்கொண்டிருந்தது. கார்டுக் கதவைத் திறந்து, பையிலிருந்த வேறொரு கார்டைப் பல்லால் உறையிலிருந்து இழுத்துச் செருகி, மறுபடி கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுவர எனக்குப் பதினைந்து விநாடி ஆகியிருக்கலாம். அதற்குள் மாப்பிள்ளை போட்ட முதல் முடிச்சு முடிந்துவிட்டது. மற்ற இரண்டு முடிச்சுகளை நாத்தனார் போடும் படங்கள் என்னிடம் மிகச் சிறப்பாக இருக்கின்றன.

முதல் முடிச்சின் படத்தை வீடியோவிலிருந்து எடுத்து ஆல்பத்தில் வைத்தோம். அந்தக் காலத்து எச்டி வீடியோவின் ஒரு காட்சி 1920-க்கு 1080 பிக்சல், அதாவது சுமார் 2 மெகாபிக்சல். 12 அங்குல உயரமுள்ள ஆல்பப் பக்கத்தில் அதை முழுதாக வைத்தால் ஓர் அங்குலத்துக்கு 90 பிக்சல்தான் கிடைக்கும். நல்ல அச்சுக்கு 300 பிக்சல் வேண்டும் என்பார்கள். படத்தைச் சிறிதாக்கி, சுற்றிலும் பூ வேலைப்பாடு போட்டு மறைத்தோம். ஆல்பத்தைப் புரட்டிய பெண் அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, “இது மட்டும் ஏண்ணா மங்கலா இருக்கு?” என்று கேட்டது. நடந்ததைச் சொன்னேன். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

சிறிய கார்டால் பட்டவன் பெரிய கார்டை நோக்கித்தானே ஓடுவான்? நானும் ஓடினேன். 128 ஜிபி கார்டு ஒன்று வாங்கினேன். ஒரே அளவில் இரண்டு வாங்க அப்போது கையில் காசில்லை. அளவு வேறுபட்ட கார்டுகளைச் சேர்த்துப் போடுவதில் பயம் வேறு. ஆகவே இரண்டாவது ஸ்லாட்டைக் காலியாக விட்டுவிட்டேன். ஒரு தவற்றிலிருந்து தப்பிக்க அதைவிடப் பெரிய தவற்றுக்குள் போகிறோம் என்று அப்போது தோன்றவில்லை. நான்காயிரம் படம் கொள்ளும் கார்டு, இரண்டு நாள் கல்யாணத்துக்கும் ஒன்றே போதும், மாற்றவே வேண்டாம் என்ற மிதப்பில் இரண்டு ஆண்டுகள் ஓட்டினேன்.

அந்த மிதப்பு ஒரு கூத்து இரவில் கலைந்தது. எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் இரவு பத்து மணி வாக்கில் தொடங்கும் பாரதக் கூத்து விடியும்வரை நடக்கும். தொழிலுக்காக அல்லாமல் எனக்காக எடுக்கும் படங்கள் அவை. வெளிச்சம் குறைவு, ஒளியைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்ட வேண்டும் என்பதைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணில் 6400-க்குக் கீழே இறங்க முடியாது. ஐஎஸ்ஓ கூடக் கூடப் படத்தில் இரைச்சல் புள்ளிகள் பெருகும், அவற்றைச் சுருக்கிச் சேமிப்பது கடினம் என்பதால் கோப்பின் எடையும் கூடும். பகலில் 27 எம்பி வரும் என் ரா கோப்பு அங்கே 32, 33 என்று போகும். ஆகவே பகல் படங்களை வைத்துப் போட்ட கணக்கு இரவுக்குப் பொருந்தாது.

அன்று அதிகாலை மூன்று மணிக்குப் பேட்டரி தீரும் நிலைக்கு வந்தது. அர்ச்சுனன் தபசு மரத்தில் ஏறத் தொடங்கிய நேரம். நீளமாக ஒரு தொடர் எடுத்துவிட்டு, கார்டில் பதிகிறது என்பதைக் காட்டும் சிறு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அவசரத்தில் பேட்டரிக் கதவைத் திறந்துவிட்டேன். புதிய பேட்டரி போட்டதும் கேமரா கார்டில் பிழை என்றது. ஆயிரத்துத் தொள்ளாயிரம் படங்கள், அன்றிரவு எடுத்த அனைத்தும், அந்த ஒரே கார்டில். பையின் அடியில் ஒரு பழைய 16 ஜிபி கார்டு கிடந்தது. எஞ்சிய இரவை ஜேபெக்கில் எடுத்து முடித்தேன்.

அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படமும் எடுக்காமலும், கேமரா கேட்டபடி ஃபார்மட் செய்யாமலும் எடுத்து வைத்தது மட்டுமே அன்று நான் செய்த சரியான காரியம். கோப்புகளின் அட்டவணை சிதைந்தாலும், மேலே வேறொன்று எழுதப்படாதவரை படங்களின் தரவு கார்டிலேயே இருக்கும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் அந்த அட்டவணையைப் பொருட்படுத்தாமல் ஒவ்வொரு கோப்பின் தொடக்க அடையாளத்தையும் தேடிப் படங்களை மீட்கிறது. மீட்டவற்றை அதே கார்டில் அல்லாமல் வேறொரு டிஸ்கில் சேமிக்க வேண்டும். என் பழைய ரீடரில் 128 ஜிபியையும் துழாவ இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அறுபது போலப் படங்கள் பாதியில் வெட்டுப்பட்டிருந்தன. மற்றவை கிடைத்தன, ஆனால் பெயர்கள் போய்விட்டன. படத்துக்குள்ளேயே பதிவாகியிருக்கும் எடுத்த நேரத்தை வைத்து வரிசைப்படுத்தி முடிக்க ஒரு நாள் போயிற்று. அதே கொள்ளளவை இரண்டு 64 ஆகப் பிரித்து வைத்திருந்தால், நள்ளிரவுக்கு முன் எடுத்தவை பத்திரமாகப் பையில் இருந்திருக்கும்.

இரண்டு சம்பவங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் முதலாளி சொன்னதன் பொருள் எனக்கு விளங்கியது. எத்தனை ஜிபி வேண்டும் என்பது நிகழ்ச்சியில் மொத்தம் எத்தனை படம் எடுப்போம் என்பதைப் பொறுத்ததல்ல; நிறுத்தாமல் எவ்வளவு நேரம் எடுக்க வேண்டியிருக்கும் என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அதற்கே உரிய மூச்சு விடும் இடங்கள் உண்டு. கல்யாணத்தில் வரவேற்பு முடிந்து பந்திக்குப் போகும் நேரம். பெண் கூறைப்புடவைக்குப் போகும் நேரம். அம்மி மிதித்து அருந்ததி பார்த்து முடித்தபின் வரும் தளர்வு. கூத்தில் கட்டியங்காரன் வந்து பேச்சை வளர்க்கும் நேரம். கார்டு மாற்றம் அங்கேதான் விழ வேண்டும். இரண்டு மூச்சுகளுக்கு இடைப்பட்ட நீளமான பகுதியை ஒரு கார்டு நெருக்கடியில்லாமல் கொள்ள வேண்டும். அதே சமயம் முழு நிகழ்ச்சியையும் விழுங்கிவிடும் அளவுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது.

கணக்கு எளியது. கேமரா விளம்பரத்திலோ கார்டின் உறையிலோ அச்சிட்டிருக்கும் எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். கடைசியாக எடுத்த நிகழ்ச்சியின் ஃபோல்டரைத் திறந்து மொத்த அளவைக் கோப்புகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். என் கல்யாணம் ஒன்றில் 2,846 ரா கோப்புகள் 79 ஜிபி வந்தன, ஒன்றுக்கு 27.8 எம்பி. கூறைப்புடவை முதல் அருந்ததி வரை நான் எடுப்பது ஏறக்குறைய 600 படங்கள். ஆக 17 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. இதை இரு மடங்காக்குகிறேன். ஐயர் மந்திரத்தை நீட்டலாம், விளக்கு வெளிச்சம் குறைந்து ஐஎஸ்ஓ ஏறலாம், கடைசி நேரத்தில் உறவினர் கூட்டமாக மேடை ஏறலாம். 34 ஜிபி. 32 ஜிபி கார்டு இந்த எல்லையில் தடுக்கி விழுகிறது. அதற்கு அடுத்தது 64. என் வேலைக்கு 64 ஜிபி பொருந்தியது இப்படித்தான். 45 மெகாபிக்சல் கேமரா வைத்திருப்பவருக்குக் கோப்பு ஒன்று 50 எம்பியைத் தொடும் என்பதால், இதே கணக்கு அவரை 60 ஜிபியில் கொண்டுபோய் நிறுத்தும். அவருக்கு 128 தான் சரி. குழந்தையின் பிறந்தநாளை ஜேபெக்கில் எடுப்பவருக்கு 32 ஜிபியே மிகுதி.

64 ஜிபி கார்டைக் கணினியில் போட்டால் 59.6 என்றுதான் காட்டுகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. ஏமாற்றவில்லை. கார்டு செய்பவர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் அதை 107 கோடியே 37 லட்சம் பைட் என்று எண்ணுகிறது. பொருள் ஒன்றே, படி வேறு.

இரண்டு ஸ்லாட் உள்ள கேமராவில் இரண்டிலும் ஒரே கொள்ளளவும் ஒரே வேகமும் உள்ள கார்டுகளைப் போட வேண்டும் என்பதை என் கதையைப் படித்தபின் தனியே விளக்க வேண்டியதில்லை. கொள்ளளவில் சிறியது எப்படிக் கேமராவை நிறுத்திவிடுகிறதோ, அப்படியே வேகத்தில் மெதுவானது மற்றதையும் தன்னோடு சேர்த்து இழுத்துப் பிடிக்கும். மூன்று விநாடித் தொடரில் என் கேமரா 20 படங்கள், அதாவது சுமார் 550 எம்பி தள்ளும். விநாடிக்கு 60 எம்பி எழுதும் கார்டு அதை ஒன்பது பத்து விநாடிகளில் விழுங்கிவிடும். 15 எம்பி எழுதும் பழைய கார்டு அரை நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும், அதுவரை கேமரா திணறும். உறையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் படிக்கும் வேகம். எழுதும் வேகத்துக்கு வி30 என்ற குறியைப் பார்க்கிறேன். அது விநாடிக்குக் குறைந்தது 30 எம்பி என்ற உறுதி. குறைந்த காசில் பெரிய, மெதுவான கார்டா, சிறிய, வேகமான கார்டா என்ற கேள்வி வந்தால் தயங்காமல் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பேன்.

வீடியோவின் கணக்கு வேறு. அங்கே படங்களை எண்ண வேண்டாம். நேரத்தை எண்ணினால் போதும். விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதியும் 4கே வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி எடுக்கும். முகூர்த்தத்தை இரண்டு மணி நேரம் நிறுத்தாமல் பதிபவரிடம் 64 ஜிபி கார்டுகளைச் சிபாரிசு செய்தால் அவர் என்னை அடிக்க வருவார்.

பெரிய கார்டுகளைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. கொள்ளளவைப் பொய்யாகச் சொல்லும் போலிக் கார்டுகள் சந்தையில் உண்டு. உள்ளே 8 ஜிபி மட்டுமே இருக்க, தன்னை 128 என்று கேமராவிடம் சொல்லிக்கொள்ளும்படி செய்திருப்பார்கள். கேமரா நம்பி எழுதிக்கொண்டே போகும். கோப்பின் பெயரும் அளவும் சரியாகத் தெரியும். திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. எடுத்தவுடன் திரையில் ஒளிரும் படம் பெரும்பாலும் கேமராவின் சொந்த நினைவகத்திலிருந்து வருவதால் அந்த நேரத்தில் சந்தேகமே எழாது. ஆகவே புதிய கார்டு எதுவானாலும், எந்தக் கடையில் வாங்கியதானாலும், எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறு மென்பொருளால் கடைசி பைட் வரை எழுதிப் படித்துச் சோதித்த பிறகே கல்யாணத்துக்கு எடுத்துப் போகிறேன். 128 ஜிபிக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். இரவு சாப்பிடும்போது ஓடவிட்டால் போதும்.

இப்போது என் பையில் 64 ஜிபி கார்டுகள் எட்டு இருக்கின்றன, நான்கு ஜோடிகளாக. ஒவ்வொன்றின் மீதும் ஜோடி எண்ணையும் வாங்கிய மாதத்தையும் எழுதியிருக்கிறேன். காலிக் கார்டுகள் முகம் மேலே தெரியும்படியும், படம் உள்ளவை கவிழ்ந்தபடியும் பெட்டியில் இருக்கும். ஜோடியில் ஒன்று என் சட்டைப்பைக்கும் மற்றது உதவியாளர் தம்பியின் பைக்கும் போகும். இருவரும் வெவ்வேறு வண்டியில் ஊர் திரும்புவோம். இரண்டு ஹார்ட் டிஸ்குகளில் நகலெடுத்து, சில படங்களைத் திறந்து பார்த்த பிறகே, கணினியில் அல்லாமல் கேமராவில் வைத்து ஃபார்மட் செய்கிறேன். போன ஆவணியில் ஒரு கல்யாணத்தில், பெண் கூறைப்புடவைக்காக எழுந்ததும் நான் கார்டுக் கதவைத் திறப்பதைப் பார்த்த தம்பி, “அண்ணே, இன்னும் எழுநூறு காட்டுதே, எதுக்கு இப்பவே?” என்றான். முதலாளி சொன்னதை அப்படியே சொன்னேன். ரோல் என்றால் என்ன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அன்று நிரம்பி என்னைக் கவிழ்த்த 32 ஜிபி கார்டும் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. அதன் உடம்பில் ஒரு பழுதும் இல்லை. கேமராவை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க மட்டும் அதைப் பயன்படுத்துகிறேன்.